கரண்டு நின்ற நாட்களில் கண்ணாடிப் பெட்டி மீன்களுக்காகச் செய்த ஜெபம்

சபையாரே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னை ‘மீனுக்கு ஜெபம் பண்ணின வாத்தியார்’ என்று சொல்கிறார்கள். சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்குக் கோபம் வருவதில்லை. நடந்தது அதுதான். உங்கள் முன் நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். ஆகையால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

போன வைகாசி மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தெரணியகலைக்கு மேலே எங்கள் மலையில் அந்த மழை இடைவிடாமல் பெய்தது. துணி காயவில்லை. விறகு எரியவில்லை. உடம்பும் மனசும் ஊறிப்போய்க் கிடந்தோம். அந்த மழையின் நடுவில்தான் எங்கள் குடும்பம் தெருவுக்கு வரும் நிலைக்குப் போனது.

என் தகப்பனார் மாரிமுத்து, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் பூந்தோட்ட வேலை செய்கிறவர். எழுத்து அறியாதவர். என் தாயார் நான் சிறுவனாயிருந்தபோதே இறந்துபோனார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவன் நான்தான் முதல். மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, ஆசீர்வாதம் என்ற பெயரோடு திரும்பி வந்தேன். இப்போது தோட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். அப்பா இன்றைக்கும் மாரியம்மனைத்தான் கும்பிடுகிறார். என் அக்காள் செல்லம்மாவை யட்டியாந்தோட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் பிள்ளைப்பேற்றுக்காக தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கள் அறைக்கு வந்து, நிறைமாதமாக இருந்தாள்.

பங்களாவின் வராந்தாவில் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதில் துரையின் மனைவி துரைசானி மீன் வளர்த்தார். கப்பலில் வந்த மீன்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு வரி போட்டவை என்று பெட்டி நிறைய மீன்கள். அத்தனைக்கும் மூச்சுப் போதாது என்று ஒரு சின்ன மோட்டார் வைத்திருந்தார்கள். அது ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். குமிழி குமிழியாய் மேலே வரும். மோட்டாருக்குக் கரண்டு ஃபக்டரியிலிருந்து வந்தது. ஓடைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து ஃபக்டரிக்குப் பின்னால் ஒரு இரும்புச் சக்கரத்தில் விழவிடுவார்கள். சக்கரம் சுற்றினால் தேயிலை மெஷின்கள் ஓடும், பங்களாவில் விளக்கு எரியும், மீன்கள் மூச்சு விடும்.

துரைசானிக்குக் கடும் காய்ச்சல் கண்டு கொழும்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். துரையும் கூடப் போனார். காரில் ஏறும்முன் அப்பாவைக் கூப்பிட்டு, இந்த மீன்கள் துரைசானி அம்மாவுடைய உயிர், அவர் திரும்பி வரும்போது இவை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நீ இருக்கமாட்டாய் என்றாராம். அப்பா அதற்குச் சரிங்க துரை என்று மட்டும் சொன்னார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தப் பேச்சின் அர்த்தம் தெரியும். பற்றுச்சீட்டு, வேலை போயிற்று என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. அது கைக்கு வந்தால் அன்றைக்கே அறையைக் காலி செய்துவிட்டு, சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வேறு தோட்டம் தேடி நடக்கவேண்டும். அப்பாவுக்கு முன்பு அந்த வேலையைச் செய்தவர், ரோஜாச் செடிகள் பட்டுப்போனதற்காகச் சீட்டு வாங்கினார். குழந்தைகளோடு பெல்மதுளைப் பக்கம் போனார் என்று கேள்விப்பட்டோம். பிறகு ஒரு செய்தியும் இல்லை. எங்களுக்கும் அப்படி நேர்ந்தால் அக்காள் எங்கே போய்ப் பிள்ளை பெறுவாள்? மழையில், ரோட்டோரத்திலா?

துரை போன மறுவாரம் அப்பாவும் காய்ச்சலில் விழுந்தார். எழுந்து நிற்கவே முடியவில்லை. அதே நேரத்தில் மலை சரிந்து வாய்க்காலை அடித்துக்கொண்டு போய்விட்டது. சக்கரம் நின்றது.

காலையில் அப்பாவுக்குப் பதிலாக நான் பங்களாவுக்குப் போனேன். ஓடை பெருகிப் பிள்ளைகள் தாண்ட முடியாததால் பள்ளிக்கூடம் இல்லை. வராந்தாவில் அந்தப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். எல்லா மீன்களும் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமில்லாமைதான் எனக்குத் தாங்கவில்லை.

ஃபக்டரிக்கு ஓடினேன். மெஷின் பார்க்கும் பாஸ் ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு வாசலில் குந்தியிருந்தார். வாடவைத்த தேயிலைக் கொழுந்து மேல்மாடியில் அழுகிக்கொண்டிருந்த நாற்றம் வந்தது. வாய்க்கால் இருந்த இடத்தில் இப்போது மலையே இல்லை, மழை விடாமல் யாரும் அங்கே கால் வைக்க முடியாது என்றார். மீன் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எனக்கே சோறு இறங்கவில்லை மாஸ்டர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வந்து பங்களாவின் சமையலறையான குசினிக்குப் பக்கத்து அறையில் முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, கரண்டைக் கொடும் என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. அழுதேன். எழுந்துபோய் மோட்டாரைப் பார்த்தேன். அது சும்மா இருந்தது. மறுபடியும் வந்து முழங்காலில் நின்றேன். மறுபடியும் போய்ப் பார்த்தேன். கறுப்பு வரி மீன் ஒன்று பக்கவாட்டில் சாய ஆரம்பித்திருந்தது.

அப்போது எனக்குத் தோன்றியதைச் செய்தேன். மோட்டாரிலிருந்து ரப்பர் குழாயைக் கழற்றி என் வாயில் வைத்து ஊதினேன். குமிழி வந்தது. சந்தோஷத்தில் விடாமல் ஊதினேன். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, காது அடைத்தது. அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன்.

பங்களாவில் சமைக்கும் அப்பு என்னைப் பார்த்துப் பதறிப் போனார். அவர் சிங்களவர். வரக்காப்பொலைக்காரர். எங்களோடு பழகிப் பழகி நன்றாகத் தமிழ் பேசுவார். என்னைத் தாங்கிக் குசினிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, எனாமல் பூசிய ஒரு மங்குக் கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தார்.

“அனே மாஸ்டர், இத குடிங்க. வெறும் வயித்துல சாமி கும்புட்டா சாமிக்கும் பாவமா இருக்கும்” என்றார்.

தேத்தண்ணி கொதித்தது. அதனால் அவர் இன்னொரு கோப்பையை எடுத்து, ஒரு கையை மேலே தூக்கி, மற்றக் கையைக் கீழே இறக்கி, ஆற்றினார். அதில் என்ன புதுமை? எல்லோரும் ஆற்றுகிற மாதிரிதான் ஆற்றினார். ஆனால் நான் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து விழுந்த தேத்தண்ணி கீழே கோப்பையில் நுரை கட்டியது. நுரை முழுக்கக் குமிழி. குமிழிக்குள் இருப்பது என்ன? காற்றுதானே.

நான் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவே இல்லை. காலிக் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். பெட்டித் தண்ணீரை மொண்டு, ஸ்டூலின்மேல் ஏறி நின்று, உயரத்திலிருந்து ஊற்றினேன். மொண்டு மொண்டு ஊற்றினேன். மாஸ்டருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அப்பு நினைத்ததைப் பிற்பாடு அவரே சொன்னார். நெடுநேரம் ஊற்றியபின் சாய்ந்து கிடந்த மீன் நிமிர்ந்தது. மேலே தவித்துக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கின.

ஸ்தோத்திரம் என்று கத்தினேன். கையை நிறுத்தினேன். இளைப்பாறிவிட்டுப் பார்த்தால் மறுபடியும் எல்லாம் மேலே வந்திருந்தன.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இது ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை அல்ல என்று. கரண்டு வரும்வரை ஊற்றவேண்டும். அன்று முழுக்க நான் ஊற்றினேன். என் கை ஓய்ந்தால் அப்பு ஊற்றினார். அவருக்கும் வயதாகிவிட்டது. தோள்பட்டை எரிந்தது. மணிக்கட்டு வீங்கியது. இரவு எப்படிக் கழிந்தது என்று எனக்கு நினைவில்லை. விடிந்தபோது என் வாயில் ஜெபம் இல்லை. ஊற்று, மொள், ஊற்று, மொள் என்பதுதான் இருந்தது.

காலையில் காத்தாயி அத்தை வந்தார். அவர் எங்கள் லயத்தில் அடுத்த அறைக்காரர். கொழுந்து பறிக்கிறவர். யாருக்கும் பயப்படாத வாய். அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, அக்காளுக்கு இடுப்பு வலிக்கிறது, இன்னும் நேரம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, எனக்குக் கொண்டுவந்த கஞ்சியை வைத்தார். நான் ஸ்டூல்மேல் நின்று ஊற்றுவதைப் பார்த்தார்.

“என்னா வாத்தியாரே, ஒங்க வேதக்காரச் சாமி மீனெல்லாம் பாக்குமா?”

ஆண்டவருடைய சீஷர்களே மீன்காரர்கள்தான் என்றேன்.

“அவங்க புடிச்சவங்க தானே. வளத்தவங்க இல்லியே” என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கோப்பைத் தண்ணீர் தரையில் கொட்டியது. அத்தை என் முகத்தைப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, எறங்கு கீழ என்றார். கோப்பையை வாங்கிக்கொண்டார். நான் அங்கேயே தரையில் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது வராந்தா நிறையப் பெண்கள். அத்தை ஆள் அனுப்பி லயத்திலிருந்து வரவழைத்திருந்தார். ஃபக்டரி நின்றதால் கொழுந்து பறிப்பு இல்லை. பேர் போடாத, கூலியில்லாத நாட்கள். எல்லோரும் அறைகளில் முடங்கிக் கிடந்தவர்கள். மாரிமுத்து மாமா வீட்டுக்குச் சீட்டு வந்துவிடும், செல்லம்மா பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு நடக்கவேண்டி வரும் என்று கேட்டதும், சாக்கைப் போர்த்திக்கொண்டு ஏறி வந்துவிட்டார்கள்.

ஒரு பெட்டியில் ஒருத்திதானே ஊற்றலாம். மீன்களைப் பிரித்துப் பல பாத்திரங்களில் விட்டால் பலர் ஊற்றலாம், நெருக்கமும் குறையும் என்று நான்தான் சொன்னேன். நல்ல யோசனை என்றார்கள். அப்பு மண்ணெண்ணெய்த் தகரங்களைக் காட்டினார். அத்தை முகம் சுளித்தார். துரை வீட்டு மீனைத் தகரத்தில் விடுவதா? பெண்கள் லயத்துக்குத் திரும்பி, தங்கள் பித்தளைக் குடங்களையும் அண்டாக்களையும் எடுத்து, புளியும் சாம்பலும் போட்டு, கோயிலுக்குத் தண்ணீர் எடுக்கப்போவதுபோல் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தார்கள். வள்ளி என்கிற பெண்ணுக்கு மட்டும் பித்தளை இல்லை. வாயகன்ற மண் சோற்றுப்பானையைக் கொண்டுவந்து வெட்கப்பட்டு நின்றாள். அதை அந்தக் குசினி ஓரமா வையிடி, துரை பாத்தா நல்லாருக்காது என்றார் அத்தை.

மலை ஊற்றிலிருந்து விழும் பீலித் தண்ணீரையும் பெட்டித் தண்ணீரையும் கலந்து, மீன்களைப் பிரித்து விட்டோம். பாதி பெட்டியிலேயே இருந்தன. எல்லோரும் கலகலவென்று பேசிக்கொண்டு ஊற்றினார்கள். எனக்கு மனம் லேசானது. ஆண்டவர் கேட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

மத்தியானத்துக்கு மேல் குடங்களில் இருந்த மீன்கள் சாக ஆரம்பித்தன.

முதலில் ஒன்று. பிறகு எல்லாக் குடங்களிலும். ஊற்ற ஊற்றச் செத்தன. பெண்களுடைய பேச்சு நின்றுபோனது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “இது சாமிக்குத் தண்ணி எடுக்குற கொடம் வாத்தியாரே. நான் ஒண்ணும் பண்ணல” என்று அழுதாள். நான் ஜெபிக்கப் போனேன். முழங்காலில் நின்றேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. ஆண்டவரே, எனக்கு அலுத்துப்போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். என் ஜீவியத்தில் அவ்வளவு சின்ன ஜெபம் நான் செய்ததே இல்லை. அவ்வளவு உண்மையான ஜெபமும் செய்ததில்லை.

அப்படியே இருந்தபோது குசினி ஓரத்திலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. எல்லோரும் நிறுத்திவிட்டார்களே, இது யார் என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். வள்ளி. அவளிடம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவள் பானைக்குள் எட்டிப் பார்த்தேன். அதில் விட்ட மீன்கள் எல்லாம் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தன.

அதே தண்ணீர். அதே ஊற்று. பாத்திரம்தான் வேறு. புளி போட்டுத் தேய்த்த பித்தளையில் ஏதோ விஷம் இறங்குகிறது என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. புளிக்குழம்பைப் பித்தளையில் வைத்தால் பச்சை பூத்துக் கெட்டுப்போகும் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். மீனுக்கும் அப்படி ஆகுமென்று யார் நினைத்தார்கள்? குடங்களில் மிச்சமிருந்த சிலவற்றை அள்ளிப் பெட்டிக்கும் பானைக்கும் மாற்றினோம். அத்தை வள்ளியின் பானையைத் தானே தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதன்பின் முறை போட்டுக்கொண்டு ஊற்றினோம். மழையும் விடவில்லை, கரண்டும் வரவில்லை. நடுவில் ஒருதரம் அறைக்குப் போய் அப்பாவைப் பார்த்தேன். கம்பளிக்குள்ளிருந்து மெல்லப் பேசினார்.

“நீ ஒன் சாமிகிட்ட சொல்லிட்ட. நான் மாரியாத்தாகிட்ட சொல்லிட்டேன். அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிடட்டும். நீ கொஞ்சம் தூங்கு” என்றார். நான் தூங்காமல் திரும்பிப் போனேன்.

துரை வந்தது ஒரு பகல் வேளையில். ரோடு உடைந்திருந்ததால் தெரணியகலையிலிருந்து நடந்தே வந்தார். முழங்கால் வரை சேறு. சவரம் செய்யாத முகம். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

துரை வந்தால் எங்கள் ஆட்கள் செய்வதை நீங்கள் அறிவீர்கள். கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, தலைத்துணியை எடுத்துவிட்டு, பாதையை விட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். அன்று எல்லோரும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார்கள். காத்தாயி அத்தை மட்டும் ஸ்டூல்மேல் நின்று ஊற்றிக்கொண்டே இருந்தார். துரை அவரைப் பார்த்தார்.

“சலாங்க தொர. நிப்பாட்ட முடியாதுங்க. நிப்பாட்டினா செத்துரும்” என்றார் அத்தை. கண்ணைப் பெட்டியை விட்டு எடுக்கவில்லை.

நான் முன்னால் போய், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். வாய்க்கால் போனதைச் சொன்னேன். அப்பா காய்ச்சலில் கிடப்பதைச் சொன்னேன். குடத்தில் விட்டுச் செத்தவற்றையும் மறைக்கவில்லை. பிரிக்கச் சொன்னது நான், அப்பா அல்ல என்று சொன்னேன். துரை பெட்டிக்கு முன்னால் போய், சேற்றுக் காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். மீன்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, துரைசானி அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, கண் திறந்ததும் மீன்களைத்தான் கேட்டாள், என்ன சொல்வதென்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன் என்றார். அதை எங்களிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா, தெரியவில்லை.

எழுந்து அத்தையிடம் கையை நீட்டினார். அத்தைக்கு விளங்கவில்லை. கோப்பையைக் கேட்கிறார் என்று நான் சொன்னேன். அத்தை ஸ்டூலிலிருந்து இறங்கினார். துரை மொண்டு ஊற்றினார். பழக்கமில்லாத கை. பாதி வெளியே கொட்டியது. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என் காதில் சொன்னார்:

“தொரைக்கி தேத்தண்ணி குடிக்கத்தான் தெரியும் போல. ஆத்தத் தெரியல.”

சீட்டைப் பற்றி அன்று ஒரு பேச்சும் இல்லை. பேச்சில்லாததும் பயமாகத்தான் இருந்தது. மறுநாள் விடியற்காலை, மழையிலேயே, வேலைக்குப் பேர் வாசிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய் ஓரமாக நின்றேன். பேர் வாசித்தார்கள். பங்களா வேலைக்கு மாரிமுத்து, சுகமாகும்வரை வீட்டில் இருக்கலாம் என்று வாசித்தார்கள். நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர் கைபிடித்துத் தூக்கினார்கள்.

அந்த வாரமே அக்காளுக்கு எங்கள் அறையில் பெண் குழந்தை பிறந்தது. காத்தாயி அத்தைதான் கூட இருந்தார். அப்பாவும் எழுந்து உட்கார்ந்தார். கரண்டு எப்போது வந்தது என்று கேட்கிறீர்களா? மழை விட்டு, வாய்க்கால் கட்டி, வெகுநாள் கழித்து வந்தது; அதுவரை பெண்கள் முறை போட்டு ஊற்றினார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பிள்ளைகள்தான் ஃபக்டரிச் சத்தத்தைக் கேட்டுச் சொன்னார்கள். அவ்வளவு அழுது கேட்ட கரண்டு, அது வந்தபோது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நான் பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். கரண்டு நின்றதால் ஃபக்டரி நின்றது. ஃபக்டரி நின்றதால்தான் அந்தப் பெண்களின் கைகள் சும்மா இருந்தன. சக்கரம் சுற்றியிருந்தால் அவர்கள் கூடையோடு மலையில் நின்றிருப்பார்கள். எந்த மழை எங்களை அழிக்க வந்தது என்று நினைத்தேனோ, அந்த மழைக்குள்தான் ஆண்டவர் எங்களுக்கு உதவியை வைத்திருந்தார். நான் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்.

அதுமுதல் என் ஜெபம் மாறிவிட்டது. முன்பெல்லாம் கதவை அடைத்துக்கொண்டு, இன்னது வேண்டும் என்று கேட்பேன். இப்போது கேட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைக்கிறேன். லயத்தில் யாருக்குக் கஷ்டம் என்றாலும் ஜெபத்தோடு என் கையையும் கொண்டுபோகிறேன். காத்தாயி அத்தை இன்னும் மாரியம்மன் கோயிலுக்குத்தான் போகிறார். நான் அவருக்காக ஜெபிக்கிறேன். எனக்காக அங்கே கற்பூரம் கொளுத்துகிறாராம். சண்டையில்லை.

சபையாரே, இந்த மலைகளில் உழைத்துக் களைத்தவர்கள் நாம். ஜெபிக்கவும் தெம்பில்லாத நாட்கள் நமக்கு உண்டு. அப்படிப்பட்ட நாளில் அலுத்துப்போய்விட்டது ஆண்டவரே என்று மட்டுமாவது சொல்லுங்கள். அது அவருக்குப் போதும். கேட்டது வரவில்லையே என்று அங்கேயே கிடக்காதீர்கள். எழுந்து வெளியே வந்து பாருங்கள். உங்களுக்காக யாரோ ஒருவர் நனைந்துகொண்டு மேடேறி வந்துகொண்டிருப்பார்.